கொம்பு முதலில் வருமா?

பல் தேய்க்கும் பிரஷ் ஒன்றால் யாரோ ஒருவருடைய கீபோர்டைத் தேய்த்துக்கொண்டிருக்கிறார் அப்டேட். விசைகளின் இடுக்கிலிருந்து ரொட்டித் தூளும் தலைமுடியும் பாதி உடைந்த சட்டைப் பட்டன் ஒன்றும் கீழே விரித்த பழைய பேப்பரில் விழுகின்றன. கீபோர்டுக்குச் சொந்தக்காரர் எதிரில் உட்கார்ந்து நெளிகிறார். "நெளியாதீங்க, எல்லார் வீட்டுலயும் உள்ளதுதான்" என்று தலை நிமிராமலே சொல்கிறார் இவர். தேய்க்கிறார், ஊதுகிறார், மறுபடி தேய்க்கிறார். அழுக்குக் கீபோர்டில் விரல் வைப்பதில்லை என்பது இவருடைய முப்பது வருட வைராக்கியம். கம்ப்யூட்டருக்கு என்ன கோளாறு என்ற பேச்சே அதற்குப் பிறகுதான் தொடங்கும்.

அவருக்கென்று அப்பா அம்மா வைத்த பெயர் ஒன்று இருக்கிறது. கடைப் பலகையில்கூட எழுதியிருக்கிறது. படிக்கத்தான் ஆளில்லை. வழியில் யாரையாவது பார்த்தால் மற்றவர்கள் "சாப்டாச்சா?" என்று கேட்பார்கள், இவர் "அப்டேட் போட்டாச்சா?" என்று கேட்பார். கல்யாண மண்டபமானாலும் சரி, ஆஸ்பத்திரி வராந்தாவானாலும் சரி, முதல் விசாரிப்பு அதுதான். அதனால் வந்த பெயர். இப்போது வீட்டுக்கு யாராவது போன் செய்தால் மனைவியே, "அப்டேட் வீடுதான், சொல்லுங்க" என்கிறார்.

கடை, ஒரு சலூனுக்கு மேலே மாடியில் இரண்டு அறை. ஏறுவதற்குப் பதினான்கு படிகள். கனமான கம்ப்யூட்டர் பெட்டியைத் தூக்கிக்கொண்டு மூச்சிரைக்க வருகிறவர்கள் கீழேயே கடை வைக்கக் கூடாதா என்று சலித்துக்கொள்வார்கள். இவர் அசைந்துகொடுப்பதில்லை. "ஏறி வர்ற ஆட்டத்துலயே பாதிப் பேரோட வயர் சரியா உட்கார்ந்துக்குது" என்பார். சில சமயம் அது உண்மையாகவும் இருந்து தொலைக்கும். பெட்டியை மேசையில் வைத்து ஸ்விட்சைப் போட்டால் ஒழுங்காக ஓடும். வந்தவருக்கு அசட்டுச் சிரிப்பு, இவருக்கு ஒரு வெற்றி.

ஆனால் இந்தத் தெருவிலும் சுற்று வட்டாரத்திலும் அவருக்குப் பேர் வாங்கிக் கொடுத்தது பழுது பார்க்கிற வேலை அல்ல. எந்தக் கம்ப்யூட்டரில் எந்த இயங்குதளத்தைப் போட்டுக்கொள்வது என்று ஆளைப் பார்த்துச் சொல்லும் வேலைதான். விண்டோஸை அவர் ஜன்னல் என்பார், மேக்கைப் பழம் என்பார், லினக்ஸைப் பெங்குவின் என்பார். மூன்றும் அவருக்கு மூன்று அண்டை வீட்டுக்காரர்கள் மாதிரி. நிறை குறை எல்லாம் தெரியும், யாரோடும் பகை கிடையாது. "இதுல எது சார் பெஸ்ட்?" என்று கேட்டால்தான் கோபம் வரும். "செருப்புக் கடையில போய் எது பெஸ்ட்டுன்னு கேப்பீங்களா? காலை நீட்டுவீங்கல்ல? அப்படி நீட்டுங்க."

நீட்டச் சொல்வது கையை. வந்தவரை மேசைக்கு முன்னால் உட்கார வைத்து, பத்து நிமிஷம் எதையாவது டைப் அடிக்கச் சொல்வார். இவர் திரையைப் பார்க்க மாட்டார். விரல்களைப் பார்ப்பார். பிறகு இரண்டு கேள்விகள். முதல் கேள்வி, "எது தொலைஞ்சா அழுவீங்க?" இரண்டாவது, "முகம் தெரியாதவங்க யாராவது உங்களுக்கு எதையாவது அனுப்புவாங்களா?" பதிலை ஒரு துண்டுச்சீட்டில் எழுதிக்கொள்வார். சீட்டின் அடியில் ஜன்னல், பழம், பெங்குவின் மூன்றில் ஒன்று. டாக்டர் சீட்டு மாதிரி அதை மடித்துக் கையில் கொடுப்பார்.

முதல் கேள்விக்கு எல்லோரும் கொஞ்சம் தடுமாறுவார்கள். பல் டாக்டரம்மா மட்டும் யோசிக்காமல், நோயாளிகளின் பல் படங்கள் என்றார். படம் எடுக்கிற அவருடைய கருவி ஜன்னலோடு மட்டும்தான் பேசும் என்பதால் அவருக்குப் புது ஜன்னலும் நல்ல பூட்டும் கிடைத்தன. பாட்டு டீச்சருக்குப் பழம். தொலைந்தால் அழும்படி தன்னிடம் ஒன்றும் இல்லை என்று ஒரு மனிதர் மார்தட்டிவிட்டுப் போனார். நாலாவது படியில் நின்று திரும்பி ஏறி வந்து, செத்துப்போன தன் நாயின் போட்டோ பதினேழு இருக்கிறது என்று மெல்லச் சொன்னார். அவருக்குப் பெங்குவின் போட்டு, போட்டோக்களுக்கு இரண்டு பிரதி எடுத்துக் கொடுத்தார் அப்டேட்.

தன் விஷயத்தில் மனிதர் இன்னும் ஒரு படி மேலே. தனியாக உட்கார்ந்து பாஸ்வேர்டு அடித்தாலும் இடது கையால் மறைத்துக்கொண்டுதான் அடிப்பார். வீட்டில் தண்ணீர் குடிக்க எழுந்தால்கூடப் போனைப் பூட்டிவிட்டுத்தான் எழுவார். "யாரு பாக்கப்போறா, பல்லியா?" என்று மனைவி கேட்டால் சுவரை அண்ணாந்து ஒருமுறை பார்த்துக்கொள்வார். லேப்டாப் காமிராவின் மேல் ஒட்டியிருக்கும் துண்டு பிளாஸ்திரியை மாதம் ஒருமுறை மாற்றுவார். பழசில் பசை போய்விடுமாம்.

ஊருக்கெல்லாம் காவல் சொல்லும் இந்த மனிதருக்கு நெஞ்சில் ஒரு முள் இருந்தது. அவருடைய கூடப் பிறந்த அக்கா, அப்டேட் வருவதே நின்றுபோன பழைய ஜன்னல் ஒன்றில் பதினோரு வருடமாக வேலை செய்துகொண்டிருந்தார்.

அக்கா ஒரு வாரப் பத்திரிகைக்குக் குறுக்கெழுத்துப் போட்டி தயாரிப்பவர். இருபத்தாறு வருடத்தில் ஒரு வெள்ளிக்கிழமைகூடத் தப்பியதில்லை. சொற்களும் அவற்றுக்கான குறிப்புகளுமாக நாற்பத்தோராயிரத்துச் சொச்சத்தை ஒரே கோப்பில் சேர்த்து வைத்திருக்கிறார். அதற்கு அவர் வைத்த பெயர் 'மூட்டை'. காய்கறி நறுக்கும்போதோ பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்திருக்கும்போதோ ஒரு சொல் அகப்பட்டால் வீட்டுக்கு வந்ததும் மூட்டைக்குள் போட்டுவிடுவார். வாரத்துக்கு இருநூறு வாசகர்கள் விடை அனுப்புகிறார்கள். முன்பெல்லாம் தபாலில் வந்தது, இப்போது மின்னஞ்சலில், ஒவ்வொன்றும் இணைப்போடு. முகம் தெரியாத இருநூறு பேர் அனுப்பும் இணைப்புகளை அக்கா ஒன்று விடாமல் திறப்பார். "பாவம்டா, மெனக்கெட்டு உட்கார்ந்து போட்டு அனுப்பியிருக்காங்க. திறக்காம எப்படி?" இதைக் கேட்கும்போதெல்லாம் தம்பி தன் போன் பூட்டியிருக்கிறதா என்று ஒருமுறை பார்த்துக்கொள்வார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பொறுத்தது போதும் என்று அக்கா வீட்டுக்குக் கிளம்பிவிட்டார். புதுப் பெட்டி ஒன்றில் பெங்குவினை ஏற்றி, பின்கட்டில் இருந்த பழைய பெட்டியிலிருந்து மூட்டையைப் பிரதி எடுத்து இதில் வைத்து, முன்னறை மேசையில் நிறுத்திவிட்டார். அக்காவின் விரல்களை அவர் பார்க்கவில்லை. கேள்விகளைக் கேட்கவில்லை. சீட்டு எழுதவில்லை. அக்காவைப் பற்றி அக்காவிடமே கேட்பானேன் என்று ஓர் இறுமாப்பு. பழைய பெட்டியை என்ன செய்வது என்று கேட்டதற்கு, பழைய சாமான் எடுப்பவரிடம் தானே போட்டுவிடுவதாக அக்கா சொன்னார்.

அக்கா அன்று கேட்டது ஒன்றே ஒன்று. "இதுல கொம்பு முதல்ல வருமாடா?"

பதினேழு வயதில் டைப்ரைட்டரில் பழகிய கை அக்காவுடையது. 'தலை' என்று அடிக்க வேண்டுமானால் அவர் த அடிப்பார், அடுத்து ஐகாரத்தின் கொம்பை அடிப்பார், கடைசியில்தான் ல. தாளில் இடமிருந்து வலமாகக் கண்ணுக்கு எப்படித் தெரிகிறதோ அந்த வரிசை. அப்டேட் போட்டுக் கொடுத்த முறையில் விசைகள் எல்லாம் அக்காவுக்குத் தெரிந்த இடத்தில்தான் இருந்தன. வரிசைதான் வேறு. முதலில் எழுத்து, அப்புறம் கொம்பு.

அப்டேட் விழுந்து விழுந்து சிரித்தார். "எழுத்தே வராம கொம்பு எப்படிக்கா வரும்? மாடு பொறக்கறதுக்கு முன்னாடியே கொம்பு முளைக்குமா?" இரண்டு வாரத்தில் பழகிவிடும் என்று சொல்லிவிட்டுச் சந்தோஷமாக வீட்டுக்குப் போனார். அன்று ராத்திரி நன்றாகத் தூங்கியதாகவும் கேள்வி.

செவ்வாய்க்கிழமை புதுப் பெட்டியிலிருந்து அக்காவின் முதல் மின்னஞ்சல் வந்தது. 'தம்பி, தைலவலி. வாசலில் மைழ. இன்று கைடக்கு வர முடியாது.'

டைப் அடிக்கும்போது அக்கா திரையைப் பார்க்கிற வழக்கமில்லை. கொம்பு முன்னால் இருக்கிற எழுத்தோடு போய் ஒட்டிக்கொண்டதை அவர் கவனிக்கவில்லை. தம்பியும் கவனிக்கவில்லை என்பதுதான் வேடிக்கை. தைலம் என்று ஒன்று இருக்கிறது, வலி என்று ஒன்று இருக்கிறது, அக்காவுக்கு எங்கோ வலி, தைலம் கேட்கிறார் என்று தானே கூட்டிக் கழித்து, மருந்துக் கடையில் ஒரு பாட்டில் வாங்கிக்கொண்டு மழையில் நனைந்தபடி போய் நின்றார். அக்கா பாட்டிலைப் பார்த்தார், சொட்டச் சொட்ட நிற்கும் தம்பியைப் பார்த்தார். "தலைவலிடா" என்றார். பிறகு, வந்ததை வீணாக்குவானேன் என்று நெற்றியில் தடவிக்கொண்டார்.

அதற்கப்புறம் இரண்டு வாரத்தில் அக்காவின் கடிதங்கள் சுத்தமாகிவிட்டன. தலை தலையாக, மழை மழையாக, கடை கடையாக வந்தது. அப்டேட் கடைக்கு வந்தவர்களிடமெல்லாம் சொல்லிச் சொல்லிப் பூரித்தார். "அம்பத்தொன்பது வயசு. ரெண்டே வாரம். நீங்க என்னடான்னா பட்டன் இடம் மாறிடுச்சுன்னு அழறீங்க."

பூரிப்பு இன்னும் மூன்று வாரம் நீடித்தது. ஒரு வியாழக்கிழமை காலை, அந்தப் பக்கம் ஒரு வேலைக்குப் போனவர் அக்கா வீட்டில் எட்டிப் பார்த்தார். அக்கா அடுப்படியில் இருந்தார். முன்னறையில் புதுப் பெட்டி பளிச்சென்று நின்றது, அதன் கீபோர்டின் மேல் ஒரு கூடை நிறையத் துவைத்த துணி. தண்ணீர் குடிக்கப் பின் கட்டுக்குப் போன அப்டேட் பாதி வழியில் நின்றுவிட்டார். எங்கேயோ ஒரு விசிறி இருமிக்கொண்டிருந்தது. அது எந்தப் பெட்டியின் விசிறி என்று அவருக்குத் தெரியும். இரண்டு முறை எண்ணெய் போட்டவரே அவர்தான்.

மூலையில் ஒரு சின்ன மேசை, மேலே போர்வை. போர்வையின் மேல் கையை வைத்தார். சூடாக இருந்தது.

அந்தச் சூட்டில் அவருக்குக் கோபம் வந்ததா அழுகை வந்ததா என்று இன்றைக்கும் அவரால் சரியாகச் சொல்ல முடியவில்லை. போர்வையை உருவினார். பழைய பெட்டி விழித்துக்கொண்டிருந்தது. திரையில் மூட்டை திறந்து கிடந்தது, பக்கத்திலேயே அக்காவின் தபால் பெட்டியும். அக்கா ஈரக் கையோடு வந்து வாசலில் நின்றார். ஒரு மாதமாக ஒளித்து வைத்துச் செய்த வேலை அகப்பட்டுவிட்டது என்றாலும் முகத்தில் ஒரு திருட்டு முழியும் இல்லை. "வந்துட்டியா? டீ போடட்டா?" என்றார்.

அப்டேட் பேசினார். நெடுநேரம் பேசினார். இது பூட்டில்லாத கதவு, இதைத் திறந்து வைத்துக்கொண்டா இருநூறு அந்நியர்களின் கடிதங்களைப் பிரிப்பாய், எத்தனை தடவை சொன்னேன், இது என்ன பிடிவாதம் என்று பேசிக்கொண்டே போனவரின் கண் திரையில் ஒரு கடிதத்தின் மேல் விழுந்தது. அப்போதுதான் வந்திருந்தது. 'விடை' என்று ஓர் இணைப்பு. ஆனால் அந்தப் பெயரில் புள்ளிக்குப் பின்னால் வரும் வால் படத்துக்கு உள்ள வாலும் அல்ல, கடிதத்துக்கு உள்ளதும் அல்ல. திறந்தவுடன் தானே ஓடத் தொடங்குகிற நிரலுக்கு உள்ள வால்.

"இது யாரு?"

"நம்ம வாத்தியார்டா. பத்தொன்பது வருஷமா எழுதுறாரு. ஒரு வாரம் விட்டதில்ல." கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு கிட்டே வந்து கடிதத்தைப் படித்தார் அக்கா. 'பார்க்கவும்' என்று ஒரே சொல். அக்காவின் நெற்றி சுருங்கியது. "வாத்தியார் இப்படி எழுத மாட்டாரே. வணக்கம் அம்மா, இவ்வாரம் சற்றே கடினம்னுதான் ஆரம்பிப்பாரு. பார்க்கவும்னு அவர் வாயில வராது."

வாத்தியாருக்குப் போன் போட்டார்கள். இந்த வாரம் இன்னும் விடையே அனுப்பவில்லை என்றார் அவர். மேலிருந்து கீழ் ஐந்தில் மாட்டிக்கொண்டு முழிக்கிறாராம். ஒரு சின்னக் குறிப்பு கொடுக்க முடியுமா என்றும் கேட்டார். அக்கா கொடுக்கவில்லை. போனை வைத்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தார்.

"நீ வரலைன்னா திறந்திருப்பேன்" என்றார்.

"திறந்திருந்தா, இதை அனுப்பின திருடன் மூட்டைக்குப் பூட்டைப் போட்டுட்டுப் போயிருப்பான். சாவி அவன்கிட்ட, காசு குடுத்தாத்தான் தருவான்."

அப்டேட் சுவரிலிருந்த இணைய வயரைப் பிடுங்கினார். சொல்ல வேண்டியதைச் சொல்லி, காட்ட வேண்டியதைக் காட்டி, வெற்றி முழுக்க அவர் பக்கம். இனி அக்கா வாயைத் திறக்க முடியாது என்று நினைத்தார். அக்கா திறந்தார்.

"ஊர்ல எல்லார்கிட்டயும் ஏதோ ரெண்டு கேள்வி கேப்பியாமே. பல் டாக்டரம்மா சொன்னாங்க. என்கிட்ட மட்டும் ஏன்டா கேக்கல?"

அப்டேட்டுக்கு முகம் செத்துப்போயிற்று. பிடுங்கிய வயரைச் சுருட்டி மேசை மேல் வைத்தார். பிறகு சாப்பாட்டு மேசைக்குப் போய் எதிரெதிரே உட்கார்ந்தார்கள். சட்டைப் பையிலிருந்து ஒரு துண்டுச்சீட்டை எடுத்தார். "எது தொலைஞ்சா அழுவக்கா?" என்று கேட்டுக்கொண்டே, பதிலுக்குக் காத்திராமல் 'மூட்டை' என்று எழுதினார். பழக்கதோஷம்.

"அதை அடிச்சுடு" என்றார் அக்கா. "மூட்டை போனா அழுவேன், இல்லைன்னு சொல்லல. ஆனா மறுபடியும் சேர்த்துடுவேன். சேர்த்தவளுக்குத் தெரியாதா எங்கெங்க பொறுக்கினேன்னு. என் கை போச்சுன்னா என்னடா பண்றது? குறிப்பு எனக்கு மண்டையில வர்றதில்ல. விரல்ல வருது. ஒவ்வொரு எழுத்துக்கும் நின்னு, கொம்பு முன்னாடியா பின்னாடியான்னு யோசிச்சா, வந்த குறிப்பு வாசலோட திரும்பிப் போயிடுது. முதல் வாரம் உன் பெட்டியில உட்கார்ந்தேன். ஆறு நாள். நாலு குறிப்புதான் வந்துது. வெள்ளிக்கிழமை தப்பிடும்னு பயந்துட்டேன்."

அக்கா பயந்து அவர் பார்த்ததில்லை. சீட்டில் 'மூட்டை'யை அடித்துவிட்டுப் பக்கத்தில் 'கை' என்று எழுதினார். இரண்டாவது கேள்வியைக் கேட்க வேண்டியிருக்கவில்லை. 'இருநூறு பேர்' என்று தானே எழுதிக்கொண்டார்.

மறுநாள் அக்கா பதினான்கு படி ஏறி வந்தார். மேசையில் ஜன்னல், பழம், பெங்குவின் மூன்றும் வரிசையாக நின்றன. மூன்றின் கீபோர்டையும் பிரஷ்ஷால் தேய்த்து வைத்திருந்தார் தம்பி. பழம், பாட்டு டீச்சரிடம் இரவல் வாங்கியது. ஒவ்வொன்றிலும் அக்கா ஒரே வாக்கியத்தை அடிப்பது என்று ஏற்பாடு. 'தலைவர் மலையில் படை நடத்தினார்.' அக்கா கண்ணை மூடிக்கொண்டு அடித்தார். அப்டேட் வாழ்க்கையில் முதல் முறையாக அக்காவின் விரல்களைப் பார்த்தார். பத்தும் தனித்தனியாக எதையோ தெரிந்துவைத்திருப்பவை போல ஓடின. நின்று நின்று அடிக்கும் தன் இரண்டு விரல்களை நினைத்துக்கொண்டு, கையைக் கொஞ்சம் மேசைக்கடியில் இறக்கிக்கொண்டார்.

பழத்தின் அழகு அக்காவுக்குப் பிடித்திருந்தது, தொட்டுத் தடவிப் பார்த்தார். ஆனால் விசைகள் அமுங்குவதே தெரியவில்லை, சத்தமும் இல்லை. "அடிச்சேனா இல்லையான்னு எனக்கு எப்படித் தெரியும்?" என்று கொம்பைத் தேடுவதற்கு முன்னாலேயே தள்ளி வைத்துவிட்டார். புது ஜன்னலில், பழைய பெட்டியில் இருந்த அதே தட்டச்சு நிரலைப் போட்டால் கொம்பு முதலில் வரும் என்று அப்டேட் கணக்குப் போட்டிருந்தார். பல வருஷத்துக்கு முன் யாரோ ஒரு சி.டி.யில் போட்டுக் கொடுத்த நிரல் அது. எழுதியவர் யார், எங்கே இருக்கிறார் என்று யாருக்கும் தெரியாது. அது, காவலைக் கொஞ்சம் தளர்த்தினால்தான் உள்ளே வருவேன் என்று அடம் பிடித்தது. அப்டேட் மாட்டேன் என்றார். வீட்டுக்காரர் யாரென்றே தெரியாத ஒரு நிரலுக்காகக் கதவைத் திறப்பதற்கு அக்காவின் பழைய பெட்டியே தேவலை.

மிச்சமிருந்தது பெங்குவின். அதில் அக்கா கண்ணைத் திறந்தபோது திரையில் 'தைலவர் மைலயில் பைட நடத்தினார்' என்று இருந்தது. பல் டாக்டரம்மா அப்போது தன் பெட்டியை எடுத்துப் போக வந்திருந்தார். வாய்விட்டுப் படித்துவிட்டு, தைலவருக்கு என்ன ஆயிற்று என்று விசாரித்தார். அக்காவும் அவரும் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார்கள். அப்டேட் சிரிக்கவில்லை. தமிழ் அடிக்கும் முறைகளின் பட்டியலைத் திறந்து ஒவ்வொன்றாகக் கீழே இறங்கிக்கொண்டிருந்தார். ஆறாவது வரியில் நின்றார்.

'தட்டச்சுப் பொறி - பழைய முறை' என்று போட்டிருந்தது.

இந்தப் பட்டியலை அவர் ஆயிரம் பேருக்குத் திறந்திருப்பார். ஆறாவது வரிக்கு இறங்கியதே இல்லை. அவருடைய தமிழ், ஆங்கில எழுத்தைத் தட்டினால் தமிழாக மாறி வருகிற தமிழ். அது முதல் வரியிலேயே இருக்கும், அக்காவுக்கு அன்று போட்டுக் கொடுத்தது இரண்டாவது வரி. அதற்குக் கீழே இருப்பவர்கள் யார், அவர்களின் விரல்கள் எப்படி என்று அவர் யோசித்ததில்லை. தேர்ந்தெடுத்துவிட்டுக் கீபோர்டை அக்காவின் பக்கம் நகர்த்தினார். அக்கா கண்ணை மூடாமலே அடித்தார். த வந்தது. கொம்பு வந்து, தன் எழுத்துக்காக ஒரு கணம் காத்து நின்றது. ல வந்ததும் அதோடு போய்ச் சேர்ந்துகொண்டது. தலைவர் தலையோடு மலையில் படை நடத்தினார்.

"ஞ-வும் ண-வும் இடம் மாறியிருக்கு" என்றார் அக்கா, சந்தோஷத்திலும் குற்றம் கண்டுபிடிப்பதை விடாமல்.

அது எளிதாக இருந்தது. பெங்குவினில் அந்த முறையே சாதாரண எழுத்தில், யாரும் திறந்து படிக்கும்படி இருந்தது. அக்காவின் கண் முன்னாலேயே இரண்டு வரிகளை மாற்றிச் சேமித்தார். "உள்ள கை வைக்க விடுறான் பாரு, அதான் இவன்" என்று பெருமையும் பட்டுக்கொண்டார். முந்தின நாள் செத்துப்போன முகத்துக்கு உயிர் வந்துவிட்டது.

இருநூறு பேருக்கும் ஒரு வழி செய்தார். அக்காவின் புதுப் பெட்டியிலும் இதே முறையைப் போட்டு, 'வாசல்' என்ற பெயரில் தனிக் கணக்கு ஒன்றைத் திறந்தார். கடிதங்களும் இணைப்புகளும் அங்கேதான் திறக்கும். அங்கிருந்து மூட்டை இருக்கும் அறைக்கு வழி கிடையாது. வருகிறவர்களை வாசலிலேயே உட்கார வைத்துத் தண்ணீர் கொடுத்து அனுப்பலாம், உள்ளே கூப்பிட வேண்டாம் என்று விளக்கினார். அக்காவுக்கு இது உடனே புரிந்தது. யாரையும் திறக்காமல் விட வேண்டியதில்லை என்பதுதான் அவருக்கு முக்கியம். தினமும் மதியச் சாப்பாட்டுக்குப் பின் மூட்டையை ஒரு சின்ன வட்டில் பிரதி எடுத்து, வட்டைக் கழற்றி அரிசி டப்பாவுக்குப் பின்னால் வைக்கிறார். இடத்தைத் தேர்ந்தெடுத்தது அக்கா.

பழைய பெட்டியை இந்த முறை தம்பியே தூக்கிக்கொண்டு வந்தார். அதன் ஹார்டு டிஸ்க்கைக் கழற்றி, அதில் இருந்ததையெல்லாம் அழித்துவிட்டார். வெறும் கூடு இப்போது கடையில் இருக்கிறது. பல் பிரஷ்களை அதன் மேல்தான் வரிசையாக வைக்கிறார். துண்டுச்சீட்டில் இரண்டு கேள்விகளுக்கும் முன்னால் ஒரு வரி கூடியிருக்கிறது: 'கை எங்கே பழகியது?' வேறு மாற்றம் ஒன்றும் இல்லை. நேற்றுக்கூட, மூச்சிரைக்க ஏறி வந்த ஒருவரிடம், அவர் பெட்டியை இறக்கி வைப்பதற்குள்ளாகவே "அப்டேட் போட்டாச்சா?" என்று கேட்டார்.

வெள்ளிக்கிழமை மதியம் அவர் அக்காவின் குறுக்கெழுத்தைப் போடும் நேரம். போட்டியில் உறவினர்கள் கலந்துகொள்ளக் கூடாது என்பதால் அனுப்ப முடியாது, இருந்தாலும் போடுவார். பென்சிலில் போடுவது கோழைத்தனம் என்று பேனாவில்தான் போடுவார். அப்படி ஒரு வெள்ளிக்கிழமை, இடமிருந்து வலம் ஏழில் அக்கா இப்படிக் கேட்டிருந்தார்: 'மாடு பிறக்கும் முன்பே முளைப்பது (3).'

தன்னந்தனியாக உட்கார்ந்து சத்தமாகச் சிரித்தார் அப்டேட். கீழே சலூனில் யாரோ நிமிர்ந்து பார்த்திருக்கக்கூடும். சிரிப்பு அடங்காமலே பேனாவை எடுத்து முதல் கட்டத்தில் வைத்தார்.

ஒரு கொம்பு விழுந்தது. பேனா நின்றுவிட்டது.

கட்டத்துக்குள் கொம்பு மட்டும் தனியாக நின்றுகொண்டிருந்தது. அவர் அதைப் பார்த்தார். மேசை மேலிருந்த கீபோர்டைப் பார்த்தார். தன் கையைப் பார்த்தார். பிறகு பேனாவை மெல்லத் திரும்பக் கொண்டுபோய், கொம்புக்குப் பக்கத்தில் க-வை எழுதி, துணைக்காலையும் இழுத்தார்.